வெளி ஆள்

"இவங்க இனிமே உங்க பக்கத்துல உட்காருவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துடுங்க" என்றார் மேனேஜர்.

அந்த 'எல்லாத்தையும்' என்ற ஒரு சொல்தான் அவள் காதில் நின்றது.

மேனேஜருக்கு ஆபீசில் 'உம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் 'உம்'தான் பதில். அந்த மனுஷன் முழுசாக இரண்டு வாக்கியம் பேசுகிறார் என்றால் யார் தலையோ உருளப் போகிறது என்று அர்த்தம்.

அவள் அங்கே பதினோரு வருட டைப்பிஸ்ட். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

புதியவள் சொந்த லேப்டாப்போடு வந்திருந்தாள்.

"நான் நிரந்தரம் இல்லக்கா. ஃப்ரீலான்ஸ். வேலை இருக்கிற வரைக்கும் இருப்பேன். முடிஞ்சா மூட்டையைக் கட்டிடுவேன்" என்று சிரித்தாள்.

பக்கத்து சீட்டுக்காரி சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய் ஊற்றினாள். "எல்லா கம்பெனியிலயும் இதே கதைதான். வெளி ஆளுக்கு லீவு தர வேண்டாம், மருத்துவச் செலவு தர வேண்டாம். உன்கிட்டேர்ந்து சாறு பிழிஞ்சதும் சக்கையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. நீ வேணா பாரு."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். ஏனென்றால் பக்கத்து சீட்டுக்காரிக்கும் தெரியாத ஒரு விஷயம் அவளிடம் இருந்தது.

நாலு மாதமாக அவளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை.

சின்ன ஆபரேஷன் என்றார் காது டாக்டர். ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம் ஹெட்போன் மாட்டவே கூடாதாம். ஹெட்போன் மாட்டாத டைப்பிஸ்டை யார் மூன்று மாதம் வைத்துக்கொள்வார்கள்?

"ஆபீஸ்ல சொல்லிடேன்" என்றான் கணவன்.

"சொன்னா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க."

"இத்தனை வருஷம் நான் சொல்றதைக் கேட்காததுக்கு இப்பதான் ஒரு நல்ல காரணம் கிடைச்சிருக்கு உனக்கு."

அவன் தமாஷ் அன்றைக்கு எடுபடவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு டாக்டரும் எப்படிப் பேசுவார் என்று எழுதிக் கொடுத்தாள். எலும்பு டாக்டர் மென்றுகொண்டே பேசுவார். குழந்தை டாக்டர் பாதியில் நர்ஸைத் திட்டுவார், அதை அடிக்கக் கூடாது. எல்லாம் எழுதினாள்.

இதய டாக்டரைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார். மருந்து 'கொடுக்கலாம்' என்கிறாரா, 'கொடுக்கக் கூடாது' என்கிறாரா என்பது பழகிய காதுக்குத்தான் பிடிபடும். ஒன்றாவது என் கையில் இருக்கட்டும், அந்த ஒன்றுக்காகவாவது என்னை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை, புதியவள் இதய டாக்டரின் ஃபைலைத் திறந்தாள்.

சொல்லிக் கொடுத்தவளின் கண் அந்தத் திரையிலேயே இருந்தது. அந்த மருந்து போய்ச் சேரப் போவது யார் வீட்டு அம்மாவுக்கோ, யார் வீட்டு அப்பாவுக்கோ. ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"இரும்மா, அதை அடிக்காதே! அந்த டாக்டர் கடைசிச் சொல்லை முழுங்குவார். போன வாரம் அவர் பேசின பதிவையும் நான் அடிச்சதையும் எடுத்துத் தர்றேன், கேட்டுப் பாரு, புரியும்."

புதியவள் கேட்டாள். திரையைப் பார்த்தாள். திரும்பவும் கேட்டாள்.

"அக்கா... 'கொடுக்கக் கூடாது'ன்னுதானே சொல்றார்? நீங்க 'கொடுக்கலாம்'னு அடிச்சிருக்கீங்களே?"

அவள் ஹெட்போனைப் பிடுங்கி, நல்ல காதில் வைத்து அழுத்தினாள்.

கூடாது.

ஹெட்போனைப் போட்டுவிட்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க! போன வாரம் ஒரு மருந்தைத் தப்பா அடிச்சுட்டேன். எனக்குக் காது கேக்கலை சார். நாலு மாசமா மறைச்சுட்டேன். வேலை போனா போகட்டும், முதல்ல போன் பண்ணுங்க!"

மேனேஜர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஃபைல். அதில் 'கொடுக்கக் கூடாது' என்றே இருந்தது.

"நாலு மாசமா உங்க ஃபைல் ஒவ்வொண்ணையும் நான் ஒரு தடவை கேட்டு, தப்பு இருந்தா திருத்திட்டுத்தான் அனுப்பறேன்."

"உங்களுக்கு... எப்படித் தெரியும் சார்?"

"இடது பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பறதில்லை. என் மனைவியும் அப்படித்தான் இருந்தா. அவளுக்குக் காதுல ஆபரேஷன் பண்ணாங்க, உங்களுக்கும் அதேதான் சொல்லியிருப்பாங்க. மூணு மாசம் ஹெட்போன் ஆகாது."

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்?"

"முதலாளிகிட்ட நானாச் சொன்னா அது புகார். நீங்களாச் சொன்னா லீவு. எப்போ சொல்வீங்கன்னு தினம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்போ அந்தப் பொண்ணு..?"

"ஆள் வேணும்னு கேட்டதும், நிரந்தரமாவே ஒருத்தரை எடுத்துக்கோன்னுதான் முதலாளி சொன்னார். நிரந்தரமா எடுத்தா, நீங்க லீவு கேட்ட அன்னிக்கே 'அதான் ஆள் இருக்கே'ன்னு உங்களை அனுப்பிடுவார்" என்ற மேனேஜர், லீவு விண்ணப்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அதனாலதான்மா, நீங்க திரும்பி வர்ற அன்னிக்கு எழுந்து போற ஆளாப் பார்த்து எடுத்தேன்."