அழுத்தாத பொத்தான்

"உள்ள பிள்ளை தலை நிறைய ஒயரோட படுத்திருக்கு. நீ இங்க சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டு, கெக்கேபிக்கேன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

நர்ஸ் புருலின் வாய்க்குப் பயந்து டாக்டர்களே சுற்றி வளைத்துப் போவார்கள். வராந்தாவில் கதை பேசிக்கொண்டிருந்த மற்ற அம்மாக்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள்.

சைரா மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "இல்லக்கா, நான் உள்ள இருந்தா அவ..."

"எனக்குக் கதை சொல்லாத. வா உள்ள!"

அவள் மகள் அய்சிரெக்குக்கு ஒன்பது வயது. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. மூளையில் அது எங்கே கிளம்புகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன். அதற்காகத்தான் மலையூரான நரீனிலிருந்து தலைநகர் பிஷ்கெக் வந்து, மாத்திரையைக் குறைத்து, கேமரா முன்னால் வலிப்புக்குக் காத்திருக்கிறார்கள். வருவது தெரிந்ததும் குழந்தை பொத்தானை அழுத்த வேண்டும். புருல் ஓடிப்போய், எந்தக் கை மரத்துப்போகிறது, பேச முடிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். நினைவு தப்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சைரா கட்டிலோரம் உட்கார்ந்தாள். புருலுக்குத் திருப்தி.

அன்று மதியம் இரண்டு முறை வலிப்பு வந்தது. பொத்தான் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

டாக்டர் எர்மெக் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையில டாண்ணு அழுத்தினாளே! அந்த ஒண்ணை மட்டும் வச்சு மண்டையைத் திறக்க முடியுமா? நாளைக்கு ஆபரேஷனை முடிவு பண்ற கூட்டத்துல நான் என்னத்தைக் காட்டுறது? விட்டா அடுத்த வருஷம்தான்."

சைரா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, புருல் குழந்தையிடம் குனிந்தாள்.

"ஏன் கண்ணு, வர்றது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. இடது கை ஜிவ்வுனு இருந்துச்சு."

"அப்ப ஏன் அழுத்தல?"

அய்சிரெக் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அழுத்தினா அம்மா அழுவாங்கக்கா. அதான், 'நீ வெளியில போய் எல்லார்கூடவும் சிரிச்சுப் பேசும்மா, அந்தச் சத்தம் கேட்டா நான் தைரியமா அழுத்துவேன்'னு சொன்னேன். பாவம், காலையிலேருந்து கஷ்டப்பட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்கதான் திட்டி உள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க."