கோல் காத்த கரடி

"இந்த மூணாவது வீடியோ கேமும் விலை போகலைன்னா, திரும்பப் பொம்மையோடயே நின்னுக்கலாம்மா," என்று மகளிடம் முணுமுணுத்தார் பொம்மைக் கம்பெனி முதலாளி. எதிரே, ஊர் ஊராகக் கடை வைத்திருப்பவர் உட்கார்ந்திருந்தார்.

தினமும் தான் விளையாடும் ரிமோட்டை மகள் எடுத்துக்கொண்டாள். புதுப் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்ததைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். திரையில் அவள் பந்தை உதைக்க வேண்டும். அவருடைய கரடி தடுக்க வேண்டும்.

முதல் பந்து உள்ளே போனது. அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சார், உங்க கரடி தூங்குதா?"

"இரும்மா, அடுத்ததை விடமாட்டேன்."

ஒன்பது கோல். பத்தாவது பந்து நேராகக் கரடியின் வயிற்றில் பட்டுத் திரும்பியது.

"பிடிச்சேன் பாத்தியா?" என்று கடைக்காரர் துள்ளினார். மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "ஆயிரம் பெட்டி அனுப்புங்க," என்று சொல்லிப் படியிறங்கினார்.

மகள் அவருடைய ரிமோட்டை எடுத்தாள். காற்றாய் லேசாக இருந்தது. "அப்பா, இதுல பேட்டரியே இல்லை."

அப்பாவின் முகம் வெளுத்தது. "நான்தான் பெட்டி கட்டினேன். பொம்மையைப் பெட்டியில போடறப்ப பேட்டரியைக் கழட்டியே பழகின கை..."

அவர் படிகளில் ஓடினார். "சார், உங்க ரிமோட் வேலையே செய்யலை. வேணும்னா ஆர்டரை ரத்து பண்ணிடுங்க."

"முதல் பந்துலயே தெரிஞ்சுடுச்சு. பொண்ணு முன்னால உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னுதான் சொல்லலை."

"அப்புறம் எதுக்கு ஆர்டர்?"

"அசையாத கரடிகிட்டயே நீங்க ரெண்டு பேரும் இந்தக் குதி குதிச்சீங்க. அசைஞ்சா வர்ற கூட்டத்தை என் கடை தாங்குமா?" என்றபடி கடைக்காரர் மறுபடி படியேறினார். "பேட்டரியைப் போடுங்க. இப்ப நான் உதைக்கிறேன்."