காட்டத்தி மேல் ராஜகுமாரி டீச்சர்

மெஷின் வாள் உறுமத் தொடங்கியபோது ராஜகுமாரி டீச்சர் மரத்தின் மேல் இருந்தாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்க, மளமளவென்று ஏறிவிட்டாள். கரும்பலகையில் எழுதவே ஸ்டூல் போட்டு நிற்கிற குள்ள உருவம் அது. இந்த வயதில் மரம் ஏறும் என்று யார் கண்டார்கள்?

இந்தத் தீவில், ரங்கத் சபையின் வேதாகமத் தோட்டம் அவள் போட்டது. பைபிளில் வருகிற செடிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஒலிவக் கன்று ஒரு மழைக்கே அழுகிப்போனது. மாதுளையை நத்தை தின்றது. திராட்சை வெறும் இலையாக வளர்ந்து தொலைந்தது. நிமிர்ந்து நின்றது, யாரும் நடாமல் தானே முளைத்திருந்த இந்தக் காட்டத்தி ஒன்றுதான். இதன் நிழலில்தான் எல்லாப் பாடமும்.

அதைத்தான் வெட்ட வந்திருந்தார்கள். பிஷப் வரும்போது கார் நிறுத்த ஷெட் வேண்டுமாம்.

வெட்டட்டும். அவளையும் சேர்த்து வெட்டட்டும்.

“அரே டீச்சர், இதென்ன தமாஷா? ஜல்தி இறங்கி வாங்க!” என்று கத்தினார் சபைச் செயலாளர் ஞானசிகாமணி. பக்கத்தில் பாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். செயலாளருக்கு விளங்கவில்லை. போன வாரப் பாடமே அதுதான். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தியில் ஏறிய குள்ளன் சகேயு, ஊரே ஒதுக்கிவைத்த வரி வசூல்காரன். அவனை அண்ணாந்து பார்த்து இயேசு சொன்னதும் இதையேதான், சீக்கிரம் இறங்கி வா என்று.

“அவரு அதோட நிறுத்தலியே அண்ணே. இன்னைக்கு உன் வீட்டுக்கு வர்றேன்னும் சொன்னாரே. அதையும் சொல்லுங்க, இறங்குறேன். மீன் குழம்பு வெச்சிருக்கேன்.”

என்னவோ விவகாரம் என்று வாள்காரர் மெஷினை அணைத்தார்.

சபையில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் உண்டு. எல்லா வீட்டுக்கும் முறை வரும். ஜெபம் முடிந்ததும் அங்கேயே சாப்பாடு. ராஜகுமாரியும் வருஷா வருஷம் கேட்பாள். அவள் முறை வந்தால் மட்டும் மழை வரும், இல்லாவிட்டால் பாஸ்டருக்குக் காய்ச்சல் வரும். பஜாரில் கக்கூஸ் கழுவிய ஒச்சம்மாவின் மகள் அவள் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. தீவில் சாதியே கிடையாது என்று மைக்கில் முழங்குகிறவர் இதே ஞானசிகாமணிதான்.

அவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

கேட்டது ஒரு தட்டுச் சோறு. விஷமா வைத்துவிடப் போகிறாள்?

செயலாளர் தொண்டையைச் செருமினார். “சரி டீச்சர், மரம் இருந்துட்டுப் போகட்டும். ஷெட்டை வேற பக்கம் போட்டுக்கலாம்.”

ராஜகுமாரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிஷப்பின் ஷெட்டையே இடம் மாற்றுகிறார்கள், அவள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட மனம் வரவில்லை. அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழுவதா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாள்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“ஜெயிச்சுட்டோம், இறங்குங்க டீச்சர்!” என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

ராஜகுமாரி இன்னும் ஒரு கிளை மேலே ஏறினாள்.