உம் கொட்டிய மருந்து

ஆறாத புண் ஒன்றில் குடியிருந்த கிருமிக்கு வாசல் காவல் மோப்பன் என்கிற புரதம். மருந்து வாடை அடித்தால் அது உள்ளே குரல் கொடுக்கும், கதவுகள் சாத்திக்கொள்ளும். பழைய மருந்து ஏழு தடவை வந்து ஏழு தடவையும் வந்த வழியே திரும்பியிருந்தது. ஆனால் கிருமி மெச்சியதெல்லாம் கதவுகளைத்தான்.

ஒருநாள் கடுகத்தனை மருந்து ஒன்று வந்து மோப்பன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"கொல்ல வந்தியா?"

"அந்தத் தெம்பு எனக்கு ஏதுண்ணே? ஏழு தடவை விரட்டினீங்களாமே, அந்தக் கதையைக் கேக்க வந்தேன்."

மோப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் தடவையிலிருந்து ஆரம்பித்தது. சின்ன மருந்து உம் கொட்டிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதைச் சொல்லும்போது பழகிய வாடை ஒன்று மூக்கில் பட்டது. இதை முடித்துவிட்டுக் குரல் கொடுக்கலாம் என்று மோப்பன் நினைத்தது. திறந்த கதவு வழியாகப் பழைய மருந்து சாவதானமாக உள்ளே போயிற்று.

ஏழாவது கதை முடிந்தபோது உள்ளே அரவமே இல்லை.

"எட்டாவது தடவை வரட்டும், அப்புறம் பாரு" என்றது மோப்பன்.

"உம்" என்றது சின்ன மருந்து.