கட்டை முடிக் குட்டி

சும்மா கொடுக்கிற பூனைக்கு இவ்வளவு கேள்வி கேட்க வேண்டுமா என்று பஸீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதுரங்குளியில் இருந்து ஆட்டோ பிடித்துப் பாலாவிக்கு வந்திருந்தார் உம்மு குல்சூம். கருவாட்டுக் கடையில் எலித்தொல்லையாம். பஸீனாவின் பக்கத்து வீட்டு ரம்ஸியா சொல்லித்தான் குட்டி பார்க்க வந்தாராம். பாலுக்குப் பூனை காவல் என்பார்கள், இவர் கருவாட்டுக்கே வைக்கப் பார்க்கிறார். பஸீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள்.

தாய்ப்பூனை பேர்ஷியன் கலப்பு. தகப்பன் தெருவில் திரிகிற சண்டியன். மூன்று குட்டிகளில் இரண்டு தாயைப் போலப் பஞ்சு உருண்டை. மூன்றாவது தகப்பனை உரித்து வைத்திருந்தது. கட்டை முடி, சாம்பல் வரி, நீட்டு மூஞ்சி. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வந்தவர் குட்டிகளைப் பார்த்ததைவிட வீட்டைப் பார்த்ததுதான் அதிகம். குசினிவரை எட்டிப் பார்த்தார். இதுகளுக்கு யார் சோறு வைக்கிறது, யார் அள்ளிக் கழுவுகிறது, மீனைக் களவெடுத்தால் அடிப்பீர்களா என்று கேள்விமேல் கேள்வி.

பஸீனாவுக்கு விருந்தாளி என்றாலே இப்போது கசப்பு. இந்த வருடம் மூன்று கூட்டம் மகள் ஸஃப்னாவைப் பெண் பார்க்க வந்தது. வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டு, சண்டை முடிந்துவிட்டதே, நீங்கள் மன்னாருக்குத் திரும்பிவிடுவீர்களே என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போனது. சண்டையில் மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம்; மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். ஊர் அந்தச் சாக்கைக் கதைக்கவில்லை, பிள்ளையில் என்ன குறையோ என்றுதான் கதைத்தது. இனி யாருக்கு முன்னாலும் தேத்தண்ணித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று ஸஃப்னா சொன்ன நாளில் இருந்து பஸீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டிகளைக் காட்டச் சொல்லி, மீன் வெட்டிக்கொண்டிருந்த ஸஃப்னாவை அவள் கூப்பிட்டாள். பிள்ளை பழைய சட்டையும் கையில் செதிலுமாக வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் கட்டை முடிக் குட்டி எங்கே தன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவாளோ என்று அலுமாரிக்கு அடியில் ஓடிப்போய்விட்டது.

ஸஃப்னா கையைக் கழுவிவிட்டு நிலத்தில் படுத்தாள். குட்டி பிறாண்டியது. அவள் கையை எடுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. மெல்லக் கதைத்துக் கதைத்தே வெளியில் எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

"எது நல்லம் புள்ள?" என்று கேட்டார் உம்மு குல்சூம்.

"பஞ்சுக் குட்டி வடிவுதான் மாமி. ஆனா இந்த வெக்கைக்கு முடி சிக்கும், ஒவ்வொரு நாளும் சீவ வேணும். இதுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. ஆனா எலி புடிக்கல்லெண்டு தெருவில விடுறதெண்டா, இதையும் தர மாட்டேன்."

பஸீனா மகளை முறைத்தாள். வயதான மனுசியிடம் பேசுகிற பேச்சா இது? இனி மதுரங்குளி முழுக்க இதுதான் கதை.

உம்மு குல்சூம் அந்தக் குட்டியின் தலையைத் தடவினார். பிறகு, "அப்ப எனக்கு இதுதான்," என்று எழும்பினார்.

எப்படியோ ஒரு வழியாகப் புறப்படுகிறாரே என்று பஸீனா குட்டியைக் கூடையில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவர் கூடையை வாங்கவில்லை.

"அது இங்கயே இரிக்கட்டும் தங்கச்சி. வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு என்ட மகன் முபாரிஸக் கூட்டிட்டு வாறன். உங்கட மகளும் அவரப் பாக்கட்டும். புடிச்சா, கலியாணம் முடிச்சு அவர் உங்கட வீட்டிலதானே வந்து இரிக்கப் போறாரு. நீங்க மன்னாருக்குப் போனா அவரும் வருவாரு."

பஸீனா கூடையைக் கீழே வைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அதோடு வெட்கமும் வந்தது.

"முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ராத்தா. புள்ள நல்ல உடுப்பு ஒண்டு உடுத்தியிருப்பாளே."

உம்மு குல்சூம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பொண்ணு பாக்க வந்து, புடிக்காமப் போனா ஊர் உங்கட புள்ளயக் கதைக்கும். பூன பாக்க வந்து, புடிக்காமப் போனா என்னயத்தானே கதைக்கும்."