பௌர்ணமிக்கு முந்திய வலம்

நடந்ததைச் சொல்லுமுன் சிலவற்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

வினோதினிக்கு இடக்காலில் மாவுக்கட்டு. ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. மூத்தவள் கவிநிலாவுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. இளையவன் மணி நடை பழகி, ஓட்டத்துக்கு வந்திருக்கிறான். கணவன் பாலாஜி செங்கம் சாலையில் ஒரு விடுதியில் சமையல்காரன். வீட்டுக்கும் சமைத்து வைத்துவிட்டுக் காலையில் போனால், மதியம் ஒருமுறை வந்து பார்ப்பான். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது.

பாலாஜியின் அக்கா ஆதிலட்சுமி கீழ்பென்னாத்தூரில் வாழ்கிறாள். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள். கட்டுப் பிரிக்கும்வரை குழந்தைகள் தன் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். தாயின் முந்தானையைப் பிடிக்காமல் மணி உறங்கமாட்டான். ஆகவே வினோதினி தவணை கேட்டாள்.

"ஒரு வாரம் பாருங்க அண்ணி. என்னால முடியலன்னா நானே அனுப்பிடறேன்."

வாரம் முடிவதற்கு முதல் நாளே, சொல்லாமல் கொள்ளாமல், ஆதிலட்சுமி வந்து நின்றாள். சொல்லிவிட்டு வந்தால் உண்மை தெரியாது என்பது அவளுடைய எண்ணம்.

குழந்தைகள் தெருவுக்கு ஓடிவிடாதபடி கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கூடத்தின் நடுவே, பச்சைப் போர்வையால் தலைவரை மூடிக்கொண்டு வினோதினி படுத்திருந்தாள். சொம்பு, வாளி, இட்லித் தட்டு என்று பாதிச் சமையலறை சுவரோரமாக இறைந்து கிடந்தது. குழந்தைகள் இருவரும் கேட்பாரின்றிச் சுற்றிக்கொண்டிருந்தனர்.

ஆதிலட்சுமி அங்கிருந்தபடியே தம்பியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"உன் பொண்டாட்டி பட்டப்பகல்ல இழுத்துப் போத்திகினு தூங்கறாடா. பசங்க பாட்டுக்குச் சுத்திகினு இருக்குதுங்க. சாயங்காலம் வேன் எடுத்தாரச் சொல்றேன்."

பாலாஜி மறுத்துப் பேசவில்லை. "உள்ள போய்ப் பாத்துட்டு அப்புறமா வேனுக்குச் சொல்லுக்கா" என்று மட்டும் சொன்னான்.

தாழ்ப்பாளை நீக்கி உள்ளே நுழைந்தவள், உறங்குகிறவளை உலுக்கி எழுப்ப நேராக நடந்தாள். கவிநிலா இரு கைகளையும் விரித்து மறித்தாள்.

"அத்தை, குறுக்க வராதீங்க. சுத்திதான் வரணும்."

"எதைடீ சுத்தணும்?"

"மலைய."

ஆதிலட்சுமி அப்படியே நின்றாள். கவிநிலா முறைகளை விளக்கினாள். சுவரோரம் இருப்பவை பாத்திரங்கள் அல்ல, லிங்கங்கள். சொம்பு லிங்கத்துக்குக் கரண்டியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாளி லிங்கத்தின் விளிம்பில் துணிக் கிளிப்புகளை மாட்ட வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அக்கா அடுக்கியதைப் பின்னால் வரும் தம்பி கலைக்க வேண்டும்; அடுத்த சுற்றில் அக்கா மறுபடியும் அடுக்க வேண்டும். ஆகவே வேலை தீர்வதே இல்லை.

அதற்குள் மணி அலுத்துப்போய்ப் போர்வையின்மேல் ஏறப் போனான். மாவுக்கட்டு இருந்த பக்கம் அது. கவிநிலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், மலை சாமிடா. மேல கால் வெக்கக் கூடாது."

மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு வாளியை நோக்கி நடந்தான்.

அடுப்படிக்கு ஓடமாட்டீர்களா என்று ஆதிலட்சுமி கேட்டாள். மலை தெரியாத இடத்துக்குப் போகக் கூடாது என்று பதில் வந்தது.

"யாருடீ சொன்னது?"

"மலைதான் சொல்லிச்சு."

அப்போதுதான் போர்வையின் மடிப்பில் இருந்த இடைவெளியை ஆதிலட்சுமி கண்டாள். உள்ளே வியர்த்து வழியும் முகம். உறக்கத்தின் சாயலே இல்லாத இரு கண்கள் மணியின் பாதங்களை விட்டு விலகாமல் நகர்ந்தன. எழுந்து உட்கார்ந்தால் மலை அம்மாவாகிவிடும். தூக்கச் சொல்லி இருவரும் மேலே விழுவார்கள். ஆகவே மலை அசையவில்லை. மெல்லக் கேட்க மட்டும் செய்தது.

"அண்ணி, வேன் வந்துட்டுதா?"

ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள். கைகளைக் குவித்தாள். மலை தன் வலப்புறம் இருக்கும்படி விலகி நின்று, மணியின் முன்னால் நடக்கத் தொடங்கினாள். சொம்புக்குத் தண்ணீர் ஊற்றினாள். தட்டுகளை அடுக்கினாள். மணி அவற்றை உடனே கலைத்தான்.

பின்னர் முடிவானவை இவை.

வேன் வரவில்லை. குழந்தைகள் தாயிடமே இருந்தனர். மாற்றுப் புடவை கொண்டுவராத ஆதிலட்சுமி, வினோதினியின் புடவையைக் கட்டிக்கொண்டு, கட்டுப் பிரிக்கும்வரை அங்கேயே தங்கினாள். வினோதினி சாப்பிட்டுக் கண்ணயரும் பிற்பகல்களில், பச்சைப் போர்வைக்குள் ஆதிலட்சுமியே படுத்தாள். பழைய மலையைவிடப் புது மலை ஜாஸ்தி குண்டு என்பது கவிநிலாவின் கருத்து.

பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் வழக்கம்போல வந்து, வாசலில் நின்று கூப்பிட்டார்கள். ஆதிலட்சுமி வெளியே போகவில்லை. சன்னலில் நின்றபடியே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"நீங்க போய்ட்டு வாங்கடி. எங்க வூட்டு மலைய நான் தெனம் சுத்திகினு இருக்கறேன்."