வெர்னனின் விரல்

ஜன்னலில் பனியின் சாம்பல் வெளிச்சம். சோதனைக்கூட மேசையில் மூடி கழற்றிய கணினி. அதிலுள்ள நெட்வொர்க் கார்டு வெர்னன் வடிவமைத்தது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் நான் எழுதியது. இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது. கோளாறு யாருடையது என்று மேலாளர் டார்லீன் இன்று முடிவு செய்வார். என்னுடையதென்றால் எனக்கு இங்கே வேலையில்லை. “உன் டிரைவர் குப்பைன்னு ஒத்துக்கோ ஹெடி, வீட்டுக்குப் போலாம்,” என்கிறான் வெர்னன், டோனட் சர்க்கரையை ஜீன்ஸில் துடைத்தபடி. “உன் பழைய கார்டுல இதே டிரைவர் நேத்து முழுக்க ஓடிச்சே?” “அது உன் அதிர்ஷ்டம். என் சிப் சுடக்கூட இல்ல, பாரு.” சூடு பார்க்க அவனே சிப்பின் மேல் சுட்டுவிரலை அழுத்துகிறான். கார்டின் சிவப்பு விளக்கு பச்சையாகிறது, இணைப்பு வந்துவிட்டது; திரையில் வரிகள் ஓடுகின்றன. விரலை எடுக்கிறான், சிவப்பு. வைக்கிறான், பச்சை. சிப்பின் அடியில் சால்டரிங் பற்று விட்டிருக்கிறது, அழுத்தினால்தான் தொடுகிறது. இருவருக்கும் புரிகிறது. “என் டிரைவருக்கு உன் விரல் தெரியாது, வெர்னன்.” என் குரலில் இருக்கும் தித்திப்பு எனக்கே பிடிக்கவில்லை. கதவைத் திறந்து டார்லீன் வருகிறார். “பாருங்க டார்லீன், கார்டு நல்லாத்தான் ஓடுது,” என்கிறான் வெர்னன், சிப்பின் மேல் விரலோடு சாய்ந்தபடி. “விரலை எடு,” என்கிறேன். அவன் நகம் வெளுக்க இன்னும் அழுத்துகிறான்.